ஐநூற்றோராவது யூனிட்

வாசல் சுவரில், தகரப் பெட்டிக்குள் இருக்கும் மின்மீட்டரை நாம் எட்டிப் பார்ப்பது ஃப்யூஸ் போனால்தான். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண்ணை அச்சிட்டிருப்பார்கள். விளக்கு அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் ஓடிவிட்டது என்று பொருள். உங்கள் மீட்டரில் 3200 என்று இருந்தால், வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் சிமிட்டும். பழைய சீலிங் ஃபேன் ஒன்றைப் போட்டால் நிமிடத்துக்கு நான்கு தடவை. 2,000 வாட் வாட்டர் ஹீட்டரின் ஸ்விட்சைத் தட்டியதும் நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிடும். எண்ணுவதற்குக் கண் ஒத்துழைக்காது.

கரண்ட் பில்லை வைத்து நம் வீடுகளில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை, அந்த இரண்டு நிமிடத்துக்கு ஒரு சிமிட்டலைப் பற்றியவை. “ஆள் இல்லாத ரூமில் லைட் எரியுதே, இது வீடா சத்திரமா?” என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் அப்பாதான், காலையில் ஹீட்டரைப் போட்டுவிட்டுப் பேப்பரை விரித்து உட்கார்கிறார். அந்தக் கண்டிப்புக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 60 வாட் குண்டு பல்பு எரிந்த வீட்டில் விளக்கை அணைப்பதுதான் சிக்கனம். 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தன. மொத்தமாகக் கொள்முதல் செய்ததால் விலை சரிந்து, கடைகளிலும் குண்டு பல்பு காணாமல் போனது. இன்று ஒரு யூனிட்டைத் தீர்க்க 9 வாட் பல்பு 111 மணி நேரம் எரிய வேண்டும். பல்பு மாறிவிட்டது, திட்டு மட்டும் மாறவில்லை. விளக்கை அணைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அணைத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோமே, அதுதான் சிக்கல்.

சார்ஜரும் அப்படித்தான். போனைக் கழற்றிய பிறகு சும்மா தொங்கும் சார்ஜர் இரண்டு மாதத்துக்கு அரை யூனிட்டைக்கூடத் தொடாது. அதைப் பிடுங்கி வைக்கச் சொல்லி எத்தனை அறிவுரைகள்! ஆனால், டி.வி.க்குக் கீழே இருக்கும் செட் டாப் பாக்ஸை இரவு படுக்கப்போகும் முன் தொட்டுப் பாருங்கள். ரிமோட்டில் நிறுத்திய பிறகும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு மின்சாரம்தான். 10 வாட் என்று வைத்தாலும், நாள் முழுக்க இழுத்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைத்தால் அதில் பெரும்பகுதி மிச்சம்.

எந்தப் பொருள் எவ்வளவு தின்னும் என்று பட்டியலைப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சூடாக்குகிற பொருளும் குளிர்விக்கிற பொருளும்தான் பெருந்தீனிக்காரர்கள்: ஹீட்டர், ஏ.சி., அயர்ன் பாக்ஸ், இன்டக்‌ஷன் அடுப்பு, வெந்நீரில் துவைக்கும் வாஷிங் மெஷின். அடுத்து, குறைவாக இழுத்தாலும் ஓய்வில்லாமல் ஓடுகிறவை: ஃபேன், ஃப்ரிட்ஜ். மிக்ஸி போடுகிற சத்தத்துக்கும் அது எடுக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

இனி பணக் கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 2016 மே மாதம் முதல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் வந்த கட்டணத் திருத்தத்தின்படி, 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு, 500 வரை 6 ரூபாய் 30 காசு. சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,805 ரூபாய். இன்னும் ஒரே ஒரு யூனிட் கூடினால் அந்த வீடு வேறொரு அட்டவணைக்குப் போய்விடும். அங்கே 2 ரூபாய் 35 காசு என்ற சலுகைப் படியே கிடையாது. 101-லிருந்தே 4 ரூபாய் 70 காசுதான்; 401 முதல் 500 வரை அதே 6 ரூபாய் 30 காசு. 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு. ஆக பில் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. அதற்கு மேலே 9.45, 10.50, 11.55 என்று படிகள் ஏறிக்கொண்டே போகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாம் மிச்சப்படுத்தும் யூனிட் எப்போதும் மேலேயிருந்துதான் கழிகிறது. 180 யூனிட் செலவழிக்கும் வீடு 20 யூனிட் மிச்சம்பிடித்தால் கையில் நிற்பது 47 ரூபாய். 510 யூனிட் செலவழிக்கும் வீடு அதே 20 யூனிட்டை மிச்சம்பிடித்தால் 380 ரூபாய்க்கு மேல் நிற்கும். சிக்கனத்தால் மிக அதிகமாகப் பயன் பெறக்கூடியவர்கள், 500-ஐ ஒட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஊசலாடும் நடுத்தரக் குடும்பங்களே. கோடையில் ஏ.சி. போட்டதால் எல்லை தாண்டிவிட்டதே என்று பில் வந்த பிறகு அங்கலாய்ப்பதும் பெரும்பாலும் இவர்கள்தான்.

இந்தப் படிக்கட்டு முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கணக்கு இணைப்புக்குத்தான், தலைக்கு அல்ல. இரண்டே பேர் இருக்கும் ஃப்ளாட் ஏ.சி. போட்டுக்கொண்டும் 500-க்குள் நின்றுவிடலாம். தாத்தா, பாட்டி, அண்ணன் தம்பி குடும்பங்கள் என எட்டுப் பேர் ஒரே இணைப்பில் வாழும் வீடு, ஏ.சி. இல்லாமலே எல்லையைத் தாண்டும். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் அவர்கள்தான் சிக்கனக்காரர்கள். அட்டவணை அவர்களை ஆடம்பரக்காரர்கள் வரிசையில் நிறுத்துகிறது.

சரி, ஃபேனுக்கு வருவோம். நம்முடைய தட்பவெப்பத்தில் ஃபேன் ஓடாத நாள் என்று மார்கழியில் சில நாட்களைத்தான் சொல்ல முடியும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். பி.எல்.டி.சி. என்ற மோட்டார் பொருத்திய புது வகை ஃபேன் அதே காற்றை 30 வாட் அளவில் தருகிறது. அதற்கு 29 யூனிட் போதும். ஒரு ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம். கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என இரண்டை மாற்றினால் 86 யூனிட். 540 யூனிட் ஓடும் வீடு 454-க்கு இறங்கும். பில் 2,376 ரூபாயிலிருந்து 1,515 ரூபாயாகிவிடும். ஒரு ஃபேன் 3,000 ரூபாய் என்று வைத்தாலும், இதே உபயோகம் தொடர்ந்தால் ஏழு பில்லில் இரண்டு ஃபேன்களின் விலையும் திரும்பிவிடும்.

எல்லா அறைக்கும் ஒரேயடியாக மாற்ற வேண்டியதில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் ஃபேனை மாற்றி ஒரு பலனும் இல்லை. அதிக நேரம் ஓடுவதை முதலில் மாற்றுங்கள். பழைய ஃபேன்தான் என்றால் ரெகுலேட்டரையாவது பாருங்கள். கைக்கு அடங்காத பெட்டி போலிருக்கும் அந்தக் காலத்து ரெகுலேட்டர், வேகத்தைக் குறைத்தாலும் மிச்ச மின்சாரத்தில் ஒரு பங்கைத் தனக்குள்ளேயே சூடாக்கி வீணாக்கும். சின்ன எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்த இழப்பு மிகக் குறைவு. எலெக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிட வேலை.

ஹீட்டர் விஷயத்தில் நாம் பழக்கத்துக்கு அடிமை. 15 லிட்டர் ஹீட்டரில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் 60 டிகிரிக்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்கு மேல் ஆகும். நாலு பேர் ஆளுக்கு ஒரு தொட்டி காலி செய்தால் நாளைக்கு இரண்டு யூனிட், இரண்டு மாதத்துக்கு 120. அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டைக் குளியலறையே தீர்த்துவிட்டு இன்னும் 20 கேட்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இது தவிர்க்க முடியாதது. சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து பிற்பகலில் குழாயைத் திறந்தாலே கை சுடும் சென்னையிலும் மதுரையிலும் ஹீட்டர் ஏன் ஓடுகிறது? ராத்திரி முழுக்க ஏ.சி.யில் படுத்து எழுந்தவருக்குப் பச்சைத் தண்ணீர் உடம்பில் பட்டால் சில்லிடுகிறது. குளிர்விக்க ஒரு மின்சாரம், அந்தக் குளிரைப் போக்க இன்னொரு மின்சாரம்!

பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் வெந்நீர் வேண்டும்தான். மற்றவர்கள் ஷவரை விட்டுவிட்டு வாளியில் விளாவிக் குளித்தாலே பாதி செலவு குறையும். வெப்ப அளவைத் திருகும் வசதி இருந்தால் 50 டிகிரி பக்கம் வைத்தால் போதும். கொதிக்கக் கொதிக்கச் சுடவைத்துவிட்டு அதில் பச்சைத் தண்ணீரைக் கலப்பது எதற்கு? ஹீட்டரை நாள் முழுக்கப் போட்டு வைத்தால் மணிக்கு இரண்டு யூனிட் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, சூடு ஏறியதும் அதுவே நின்றுவிடும். ஆனால், தொட்டி ஆற ஆற மறுபடி சுடவைத்துக்கொண்டே இருக்கும். யாரும் குளிக்காத தண்ணீருக்கு அது வீண் செலவு. ஒருவர் குளித்ததும் அடுத்தவர் என்று வரிசையாகக் குளித்து முடித்து ஸ்விட்சை அணைப்பதே நல்லது. ஒரே குளியலறை உள்ள வீட்டில் இது தானாகவே நடந்துவிடுகிறது.

ஏ.சி.யைப் பற்றி ஊருக்கே தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி. ஓர் இரவுக்கு ஐந்து முதல் எட்டு யூனிட் வரை எடுக்கும். வெப்ப அளவை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கனச் செயலகம். 2020 ஜனவரி முதல் விற்கப்படும் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏ.சி.கள் எல்லாம் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி. நாமோ ரிமோட்டை எடுத்ததும் 18-க்கு இறக்குகிறோம். 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது வெறும் நம்பிக்கை. எந்த எண்ணை நோக்கி ஓடினாலும் இயந்திரத்தின் முழு பலத்துக்கு மேல் அது ஓட முடியாது. 18-ல் வைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு படுப்பவர்கள் 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவுங்கள். இதற்கு மெக்கானிக் தேவையில்லை. வாங்கப் போகும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. 2022 ஜூலைத் திருத்தத்தில் அதுவரை ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஏ.சி.கள் நான்குக்கு இறங்கின. லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அதுவும் வருடத்துக்கு 1,600 மணி நேர உபயோகத்துக்கான கணக்கு. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

ஃப்ரிட்ஜுக்குக் கிடைத்திருக்கும் கெட்ட பெயர் கொஞ்சம் அதிகம். சிறிய, நடுத்தர அளவிலான புது ஃப்ரிட்ஜ்கள் ஆண்டுக்கு 150 முதல் 250 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ராத்திரியில் அதை நிறுத்தி வைக்கும் சிக்கனம் மாவைத்தான் புளிக்க வைக்கும். குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறது. புது ஃப்ரிட்ஜ் வாங்கியதும் பழையதைத் தூக்கிப்போட மனமில்லாமல் மாடியிலோ கூடத்து மூலையிலோ தண்ணீர் பாட்டிலுக்கென்று ஓடவிடுகிறோமே, அதுதான். அதன் கதவு ரப்பர் தளர்ந்திருக்கும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; தடையில்லாமல் வந்துவிட்டால் குளிர்ச்சியும் அந்த வழியாகத்தான் வெளியே போகிறது.

தண்ணீர் மோட்டாரை யாரும் மின்சாரப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு ஓடிப்போய் நிறுத்தும் வீடுகளில் தண்ணீரும் போகிறது, மின்சாரமும் போகிறது. அரை மணியில் நிரம்பிய தொட்டிக்கு இப்போது முக்கால் மணி ஆகிறதென்றால் ஃபுட் வால்வையோ பைப்பையோ பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இவ்வளவும் வீட்டுக்குள் இருப்பவை. வீடே ஒரு பொருள் என்பதை நாம் மறந்துவிட்டோம். ஓட்டு வீடும் முற்றமும் உயரமான கூரையும் மின்சாரம் இல்லாமலே காற்றை ஓட்டின. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அந்தச் சூட்டைக் கீழே இறக்குகிறது. மேல்மாடியில் குடியிருப்பவர்களின் ஏ.சி. குளிர்விப்பது பெரும்பாலும் அந்தக் கூரையைத்தான். மொட்டைமாடியில் வெள்ளை நிறக் குளிர்ச்சிப் பூச்சோ வெள்ளை ஓடோ போட்டால் தளம் அவ்வளவு காயாது. சுண்ணாம்படித்தாலே வித்தியாசம் தெரியும்; ஆனால் ஒவ்வொரு கோடைக்கும் அடிக்க வேண்டும். தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டு, புதுக் கட்டடங்களுக்கு விதிகளையும் வகுத்தது. இங்கே கட்டட அனுமதிக்கு மழைநீர் சேகரிப்பு எப்படி நிபந்தனையானதோ, அதே கண்டிப்போடு கூரைக்கும் ஒரு விதி வர வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு தட்டி கட்டுவதற்கு விதிகூடத் தேவையில்லை. உள்ளே தொங்கும் திரை, கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெயிலைத்தான் மறைக்கும்.

அரசின் பக்கம் இருக்கும் குறையையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு என்பது சிக்கனத்துக்கு விரோதி. சித்திரையில் செய்த செலவு வைகாசி கடந்துதான் தெரியும் என்றால் எதைத் திருத்திக்கொள்வது? மாதாமாதம் கணக்கெடுப்போம் என்பது 2021 சட்டப்பேரவைத் தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி. ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்ததால் 500-ஐத் தாண்டிவிட்டது என்ற புகாரும் பழையது. அதனால் முப்பதாவது நாள் நீங்களே மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாறி மாறி வரும் எண்களில் கிலோவாட் மணியைக் காட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பாதி வழியில் 270 என்றால் மீதி நாட்களில் 230-க்குள் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்படியே, எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்து, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், மோடம் எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா என்று பாருங்கள். சிமிட்டினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். அது காசுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

இதிலெல்லாம் கை வைக்க முடியாத ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது: வாடகைக்குக் குடியிருப்பவர்கள். ஃபேனும் ஹீட்டரும் வீட்டுக்காரர் வாங்கியவை, பில் குடியிருப்பவருடையது. வாங்குகிறவர் பில் கட்டப்போவதில்லை என்பதால் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்தது வீட்டுக்கு வரும். போதாததற்கு, துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விலையில் வசூலிக்கும் வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அரசு தரும் 100 இலவச யூனிட்டும் சலுகைப் படிகளும் குடியிருப்பவரை எட்டுவதே இல்லை. அதிலும் வினோதம், படிக்கட்டு இல்லாத இந்தக் கணக்கில் முதல் யூனிட்டை மிச்சம்பிடித்தாலும் எட்டு ரூபாய் நிற்கும். நூறு யூனிட்டுக்குள் வாழக்கூடிய ஒண்டுக்குடித்தனக்காரருக்கு, கட்டணமே இல்லாமல் கிடைக்க வேண்டிய மின்சாரம் அது.

வீட்டுக்கு வீடு கலர் டி.வி. கொடுத்த மாநிலம் இது. 2011-ல் மிக்ஸி, கிரைண்டரோடு மின்விசிறியும் கொடுத்தது. எல்.இ.டி. பல்புக்கு நடந்ததைப் போல மொத்தக் கொள்முதல் செய்து பி.எல்.டி.சி. ஃபேனின் விலையை இறக்கினால், இலவசமாகக்கூடக் கொடுக்க வேண்டாம். கரண்ட் பில்லோடு தவணையாக வசூலித்தால் போதும். 3,000 ரூபாய் ஃபேனுக்கு பில்லுக்கு 200 ரூபாய் என்று பிடித்தால் பதினைந்து பில்லில் கடன் தீரும். 400 யூனிட்டுக்கு மேல் ஓடும் வீட்டில் அந்த ஃபேன் மிச்சப்படுத்தித் தரும் தொகையே தவணையைத் தாண்டும். அதுவரை, வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரின் பழைய ஃபேனைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுத் தங்கள் செலவில் ஒன்றை மாட்டிக்கொள்ளத் தயங்க வேண்டாம். காலி செய்யும்போது பழையதை மாட்டிவிட்டு, புதியதைக் கட்டில், பீரோவோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம்.